பத்தாயிரம் கட்டினால் முடிந்துவிடுமா?

கேள்வி: என் தம்பி சென்னையில் கால் டாக்ஸி ஓட்டுகிறான். காதுகுத்துக்கு ஊருக்கு வந்தவன், இரவு 11 மணிக்கு மாமா பையனைப் பின்னால் உட்காரவைத்து பைக்கில் போயிருக்கிறான். போலீஸ் ஊதச் சொன்னதில் 78 காட்டியிருக்கிறது. இரண்டு பேர் மேலும் கேஸ். "ரெண்டு பீர்தான் அக்கா, நிதானமாத்தான் இருந்தேன்" என்கிறான். பத்தாயிரம் கட்டினால் முடிந்தது என்கிறார்கள். ஐயாயிரத்தில் முடித்துத் தருகிறேன் என்றும் ஒருவர் வருகிறார். என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்த ஐயாயிரத்தை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். ஹெல்மெட் கேஸ் மாதிரி ரோட்டிலேயே அபராதம் கட்டி முடிக்கிற குற்றமில்லை இது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு. கோர்ட் வழியாகத்தான் தீரும்.

நிதானமாக இருந்தாரா என்று சட்டம் கேட்பதே இல்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். தம்பிக்கு அதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். முதல் முறை என்பதால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து இந்தத் தொகைதான்.

பணத்தைக் கட்டிவிட்டால் முடிந்ததா? இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டுகிற அபராதம் அது. அதற்குப் பெயர் தண்டனை. இன்னொரு முறை மாட்டினால் இரண்டு வருடம் வரை சிறை, 15,000 அபராதம் என்று போகும்.

எனக்குப் பெரிய கவலை லைசென்ஸ்தான். 185-ல் தண்டனை ஆனால், குறைந்தது ஆறு மாதத்துக்கு லைசென்ஸ் வைத்திருக்கும் தகுதியைக் கோர்ட் பறிக்க வேண்டும் என்கிறது 20-வது பிரிவு. பைக்கில்தானே மாட்டினான், டாக்ஸிக்கு என்ன என்று நினைக்காதீர்கள். லைசென்ஸ் ஒன்றுதான். ஆனால் எல்லா வண்டிக்கும் தடையா, குறிப்பிட்ட வகை வண்டிக்கு மட்டுமா என்று தீர்மானிக்கும் அதிகாரம் கோர்ட்டுக்கு உண்டு. டாக்ஸிதான் பிழைப்பு என்பதைத் தம்பி வாய்விட்டுச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். வக்கீல் வைக்க வசதியில்லையா? கோர்ட் வளாகத்திலேயே இலவச சட்ட உதவி மையம் இருக்கும், கேளுங்கள். தடை இருக்கும்போது ஓட்டிப் பிடிபட்டால் அது தனிக் குற்றம்; மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும்.

மாமா பையன் மேல் போட்டிருப்பது 188-வது பிரிவாக இருக்கும். குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவருக்கும் அதே தண்டனை என்பது அது. வெறுமனே பின்னால் உட்கார்ந்ததே உடந்தையாகுமா என்று வக்கீல் வாதாடலாம். சேர்ந்து குடித்துவிட்டுச் சாவியைக் கையில் கொடுத்தவர் என்றால் கஷ்டம்தான்.

சகோதரி, அன்றைக்கு யாரும் குறுக்கே வரவில்லை. 2006-ல் மும்பை கார்ட்டர் ரோட்டில், குடித்துவிட்டு ஓட்டிய ஒரு இளைஞரின் கார் ஏறி, பிளாட்பாரத்தில் தூங்கிய ஏழு கூலித் தொழிலாளர்கள் செத்தார்கள். அதைக் கொலைக்குச் சமமாகாத மரணம் விளைவித்த குற்றமாகவே எடுத்து, மூன்று வருடச் சிறையை 2012-ல் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. அதற்கே மூன்று வருடம்தானா என்று எனக்கு இன்றும் ஆறவில்லை.

அப்புறம், டாக்ஸி ஓட்டுகிறவருக்காக ஒன்று. ரத்தத்தில் ஆல்கஹால் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் இறங்கும். காபியோ மோரோ குளியலோ அதை வேகப்படுத்தாது. 11 மணிக்கு 78 என்றால், 30-க்குக் கீழே வரவே அதிகாலை இரண்டு மணி தாண்டும். முழுசாக இறங்க நாலு மணிக்கு மேல் ஆகும். மூன்றரை மணி ஏர்போர்ட் டிரிப்புக்குக் கிளம்புகிறபோது அவருக்குத் தெளிந்த மாதிரியே இருக்கும்.

வாய்தா என்றைக்கு என்று தம்பியிடம் இன்றே கேளுங்கள். 78 என்று அச்சான சீட்டு வெயிலில் மங்கிவிடும்; ஜெராக்ஸ் எடுத்து, லைசென்ஸ் நகலோடு வையுங்கள். முடிந்தால் கோர்ட்டுக்கு நீங்களும் கூடப் போங்கள்.