பதில்: சைவப் பெற்றோருடன் சிங்கப்பூர் உணவங்காடியில் எப்படிச் சாப்பிடுவது?

'வெஜிடபிள் நூடுல்ஸ்' என்று கேட்டு வாங்கியும் தட்டில் இறால் கிடந்ததால், அம்மா இனி உணவங்காடிப் பக்கமே வரமாட்டேன் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் கோபம் நியாயமானதுதான். ஆனால் வழி இருக்கிறது.

பொதுவான நூடுல்ஸ் கடையில் 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் போதாது. லக்சா என்ற தேங்காய்ப்பால் நூடுல்ஸின் குழம்பிலேயே காய்ந்த இறால் இருக்கும், சம்பால் என்ற மிளகாய் விழுதில் பெலாச்சான் என்ற இறால் விழுது, சார் குவே தியாவ் என்ற வறுத்த தட்டை நூடுல்ஸில் பன்றிக்கொழுப்பு. எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடக்கூடியவை அல்ல இவை. அதனால் முழுக்கச் சைவமான சீனக் கடையைத் தேடுங்கள். காலையில் அங்கே கிடைக்கும் சைவ பீஹூன் (அரிசி சேமியா) மலிவு, வயிற்றுக்கும் இதம். ஒன்றை மட்டும் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்த 'போலி இறைச்சி' அசல் மாதிரியே இருக்கும். சொல்லாமல் வைத்தால் மறுபடி பயந்துவிடுவார்.

அப்பாவுக்குச் சர்க்கரை என்றீர்களே, வெறும் 'கோப்பி' கேட்காதீர்கள், அதில் கெட்டியான இனிப்புப் பால் சேரும். 'கோப்பி சி கொசோங்' என்று கேளுங்கள், இனிப்பில்லாத பால் ஊற்றி, சர்க்கரை போடாமல் தருவார்கள்.

மேசைமேல் டிஷ்யூ பாக்கெட் இருந்தால் அந்த இடத்தை யாரோ பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சாப்பிட்டதும் தட்டை நீங்களே திருப்பி வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து இது கட்டாயம்.

முதல் நாள் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா உணவங்காடிக்குப் போங்கள். தோசை சாப்பிட்டு அம்மாவுக்குத் தெம்பு வந்தபின் பீஹூன் பக்கம் கூட்டிப்போகலாம்.