இரத்தம் குறைந்தால் எம்.எஸ். மருந்துதான் காரணமா? கேள்வி பதில்

இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவன் நான். மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் (எம்.எஸ்.) என்பது உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளை, முண்ணாண் நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய். அதற்கு மருந்து எடுப்பவர்களின் குருதிச்சோகை பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன். எந்த மருந்து, எவ்வளவு என்பது உங்கள் நரம்பியல் வைத்தியரின் பொறுப்பு.

கோண்டாவில், ஒரு தாய்: மகள் இன்டர்பெரோன் பீட்டா ஊசி போடுகிறாள். ஈமோகுளோபின் 9.4 என்று வந்திருக்கிறது. ஊசியை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள் அம்மா. இன்டர்பெரோன் குருதிக் கலங்களைக் குறைக்கக்கூடியதுதான். ஆனால் வெண்குழியங்கள் குறைவதைத்தான் அதிகம் காண்கிறோம். செங்குழியம் இறங்கினாலும் பெரும்பாலும் லேசாகவே இறங்கும். வளர்ந்த பெண்ணுக்கு 12 இருக்க வேண்டிய இடத்தில் 9.4 என்றால் வேறு காரணமும் தேட வேண்டும். அறிக்கையில் எம்.சி.வி. என்ற வரியைப் பாருங்கள். செங்குழியத்தின் பருமன் அது. 80க்குக் கீழே என்றால் இரும்புச்சத்துக் குறைபாடே முதல் சந்தேகம். மகளுக்கு மாதவிடாய் அதிகமாகப் போகிறதா என்று நீங்களே கேளுங்கள். வைத்தியரிடம் சொல்ல வெட்கப்பட்டு மறைக்கும் பிள்ளைகள் பலர். பிறகு, உடலில் சேமித்துள்ள இரும்பைக் காட்டும் பெரிட்டின் சோதனை. அது குறைவென்றால் இரும்புக் குறைபாடு உறுதி. அது சரியாக இருந்து எம்.சி.வி. மட்டும் குறைவென்றால் தலசீமியாக் கூறு, அதாவது ஈமோகுளோபின் உருவாவதில் உள்ள குறை, பரம்பரையாக இருக்கலாம். அதற்கு இரும்புக் குளிசை உதவாது. வெண்குழியம், செங்குழியம், இரத்தம் உறைய உதவும் சிறுதட்டு மூன்றும் ஒன்றாக இறங்கியிருந்தால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் அன்றே காட்டுங்கள்.

மானிப்பாய்: அசாதியோபிரின் எடுக்கிறேன். எம்.சி.வி. 104.

அந்த மருந்தே செங்குழியங்களைப் பருக்க வைக்கும். ஆனாலும் விற்றமின் பி12, போலிக் அமிலம் இரண்டையும் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, தம்பி: கௌட் நோய்க்காக யாராவது அலோபியூரினோல் தந்தால், அசாதியோபிரின் எடுப்பதை முதலில் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் அசாதியோபிரின் உடலில் தேங்கி குருதிக் கலங்கள் உருவாகும் எலும்பு மச்சையை முடக்கிவிடும். உயிருக்கே ஆபத்து.

நல்லூர்: நாங்கள் சுத்த சைவம். கால் விறைக்கிறது, சோகையும் இருக்கிறது. எம்.எஸ். என்று பயமாக இருக்கிறது.

முதலில் பி12 அளவைப் பாருங்கள். மாமிசம், மீன், முட்டை, பால் இவற்றிலிருந்துதான் நமக்குப் பி12 கிடைக்கிறது. பாலும் குறைவாகக் குடிப்பவர்களுக்குத் தட்டுப்பாடு வரும். பி12 குறைந்தால் சோகையோடு முண்ணாணும் பாதிக்கப்படும். பார்வைக்கு அது எம்.எஸ். போலவே இருக்கும். நீரிழிவுக்கு மெட்போமின் எடுப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பி12 பார்க்காமல் போலிக் அமிலத்தை மட்டும் விழுங்காதீர்கள். இரத்தம் தேறும், நரம்பு தொடர்ந்து கெடும்.

சாவகச்சேரி: இரும்புச்சத்துக்குப் பனங்கட்டி போதும். ஆச்சி காலத்தில் குளிசையா இருந்தது?

ஐயா, பனங்கட்டி நல்லதுதான். அதை எப்படி உண்கிறோம் என்று பாருங்கள்: ஒரு கடி பனங்கட்டி, ஒரு மிடறு தேத்தண்ணீர். தேயிலையின் துவர்ப்பு, தாவர உணவிலுள்ள இரும்பைக் குடலிலேயே பிடித்து வைத்துவிடும். உடலுக்குச் சேருவது சொற்பம்.

அதே வாசகர்: தேத்தண்ணீர் குடித்த ஆச்சிமாருக்கெல்லாம் சோகையா வந்தது?

வந்ததா இல்லையா என்று யார் அளந்தார்கள் ஐயா? பிள்ளைப்பேறு முடிந்து வெளிறிய முகத்தோடு அடுப்படியில் நின்றவர்களை "அவளுக்குச் சோர்வு" என்று சொல்லி விட்டுவிட்டோம். அவர்களில் பலரைத் தாங்கியது மீனும் மட்டியும். அசைவ இரும்பைத் தேயிலை அவ்வளவாகத் தடுக்காது. மரக்கறி மட்டும் உண்டவர்களுக்கு அந்தத் துணையும் இல்லை. ஏற்கெனவே 9க்கு இறங்கிவிட்ட ஒருவரைப் பனங்கட்டியால் மேலே கொண்டுவர முடியாது. உணவு என்றால் முருங்கையிலை வறையில் தேசிக்காய் பிழிந்து சாப்பிடுங்கள், தேத்தண்ணீரை ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிவையுங்கள். குளிசைக்கும் இதே விதி.

சுன்னாகம்: பீற்றூட்டின் சிவப்பு...

அது நிறம் மட்டும். இரும்பு மிகக் குறைவு.

அச்சுவேலி: எனக்கும் இரத்தம் குறைவு. பிங்கோலிமோட் எடுக்கிறேன். நிறுத்தவா?

மேலே கோண்டாவில் அம்மாவுக்குச் சொன்னதைப் படியுங்கள். பிங்கோலிமோட், நட்டாலிசுமாப் போன்றவற்றைத் திடீரென்று விட்டால் நோய் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

உரும்பிராய்: லண்டனில் அண்ணாவுக்கு அலெம்துசுமாப் ஏற்றினார்கள். ஊருக்கு வந்து நிற்கிறார். இங்கும் இரத்தம் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். அந்த மருந்துக்குப் பிறகு உடல் தன் செங்குழியங்களையும் சிறுதட்டுகளையும் தானே அழிக்கத் தொடங்கலாம். கடைசி ஏற்றலிலிருந்து 48 மாதம்வரை மாதந்தோறும் பரிசோதனை உண்டு, விடுமுறையிலும் தவறக்கூடாது. கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கடுந்தேயிலை நிறத்தில் போனாலோ, காரணமின்றித் தோலில் கன்றல் வந்தாலோ அன்றே வைத்தியசாலைக்குப் போகச் சொல்லுங்கள்.

கொக்குவில்: ஈமோகுளோபின் 13. ஆனாலும் எழும்ப முடியாத களைப்பு.

தங்கச்சி, அது எம்.எஸ். களைப்பாக இருக்கலாம். நம்மூர் வெயில் அதைக் கூட்டும். நரம்பியல் கிளினிக்கில் சொல்லுங்கள்.

தெல்லிப்பழை: ஸ்டீரொயிட் ஏற்றிய பிறகு முதுகுவலிக்கு டைக்ளோபெனாக் வாங்கிப் போடுகிறேன். மலம் கறுப்பாகப் போகிறது.

டைக்ளோபெனாக்கை இப்போதே விடுங்கள். ஸ்டீரொயிட்டோடு அது சேர்ந்தால் இரைப்பை புண்ணாகி இரத்தம் கசியலாம். இரும்புக் குளிசையும் மலத்தைக் கறுப்பாக்கும், ஆனால் தார்போல ஒட்டி நாறாது. உங்களுக்கு அப்படிப் போனால் பதில் எழுதிக்கொண்டிராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். எடுக்கும் குளிசைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.