நண்பனுக்கு எத்தனை மார்க்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். ஆய்வுக்கூடப் புராஜெக்டை மாணவர்கள் வகுப்பின் முன் படைக்கும்போது, சக மாணவர்களே மார்க் போடுவதைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. சிலவற்றுக்கு நீளமாகவும் சிலவற்றுக்கு ஒரு வரியிலும் பதில் இருக்கும், கோபிக்க வேண்டாம்.

இளம் ஆசிரியை: நான்காம் படிவத்தில், அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் டைட்ரேஷன் புராஜெக்ட். எல்லாக் குழுவுக்கும் 20-க்கு 18, 19 என்றே போடுகிறார்கள் ஐயா. இதை வைத்து என்ன செய்வது?

நீங்கள் கொடுத்த தாளில் 'படைப்புத் திறன்', 'உள்ளடக்கம்', 'ஒத்துழைப்பு' என்றுதானே இருக்கிறது? பதினாறு வயதுப் பிள்ளை அதைப் பார்த்து என்ன செய்யும்? சிரித்த முகத்துக்கும் வண்ண ஸ்லைடுக்கும் மார்க் போட்டுவிட்டு உட்காரும்.

கண்ணால் பார்த்து ஆம், இல்லை என்று சொல்லக்கூடியதைக் கேளுங்கள். பியூரெட் என்ற அளவுக் குழாயின் அளவை 24.3 என்று விட்டுவிட்டார்களா, 24.30 என்று இரண்டு தசமத்தில் சரியாக எழுதினார்களா? எத்தனை முறை செய்தார்கள்? ஒத்துப்போகும் அளவுகளுக்குள் வித்தியாசம் 0.10 கன சென்டிமீட்டருக்குள் இருக்கிறதா? முதலில் உத்தேசமாகச் செய்ததையும் சராசரியில் சேர்த்துவிட்டார்களா? நிறங்காட்டியான பினாஃப்தலீன் எந்த நிறத்திலிருந்து எந்த நிறத்துக்கு மாறியது என்று சொன்னார்களா? இவ்வளவையும் பார்த்த பிறகு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கூறு போடாமல் மொத்தமாக ஒரே மார்க் போடட்டும். ஃபால்சிகோவ், கோல்ட்ஃபிஞ்ச் என்ற இருவர் 48 ஆய்வுகளைத் திரட்டி 2000-ல் வெளியிட்ட கட்டுரையும் இதைத்தான் காட்டியது. அளவுகோல் நன்றாகப் புரிந்து, மொத்தமாக ஒரு மார்க் போடும்போதுதான் மாணவர் மார்க் ஆசிரியர் மார்க்கோடு அதிகம் ஒத்துப்போகிறது.

இன்னொன்று. முதல் வாரமே நேரடியாக மார்க் போட விடாதீர்கள். போன வருட அறிக்கை ஒன்றைப் பெயரை மறைத்துக் கொடுத்து எல்லாரையும் போடச் சொல்லுங்கள். ஒருவன் 9 போடுவான், பக்கத்தில் இருப்பவள் 17 போடுவாள். 'ஏன்?' என்று கேளுங்கள். அந்த ஒரு பீரியட் சண்டை வீண் போகாது.

என் பழைய சட்டம் ஒன்று உண்டு. மார்க்குக்குப் பக்கத்தில் ஒரு வரி காரணம் இல்லையென்றால் அந்தத் தாள் செல்லாது.

ஓர் அம்மா: என் மகனுக்கு வேண்டாத பையன்கள் வேண்டுமென்றே குறைத்துப் போட்டுவிட்டார்கள். ஐந்தாம் படிவத்துக் கடைசிப் பரீட்சை எஸ்பிஎம் பாதிக்குமா சார்?

பாதிக்காதும்மா. எஸ்பிஎம் வேதியியல் மார்க் பரீட்சைத் தாள்களிலிருந்து வருவது, செய்முறைத் தாள் உட்பட. வகுப்பறை மதிப்பீட்டில் டிபி என்ற தேர்ச்சி நிலையை 1 முதல் 6 வரை முடிவு செய்வதும் ஆசிரியர்தான். அந்தப் பையன்கள் காரணம் எழுதினார்களா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

மாணவர்: ஃப்ரெண்டுக்குக் கம்மியா போட்டா பேச மாட்டான் சார்.

பெயருக்குப் பதில் ஆசிரியர் கொடுத்த எண்ணை எழுது. எது யாருடைய எண் என்பது ஆசிரியருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

ஐந்தாம் படிவ மாணவி: ரப்பர் பால் உறைவது எங்கள் தலைப்பு. அது ரொம்பச் சுலபம், மார்க் கிடைக்காது என்கிறார்கள்.

சுலபமா? உட்கார்ந்து கேளம்மா.

இந்தத் தலைப்பை எடுக்கும் எல்லாக் குழுவும் முதல் ஸ்லைடில் 1877-ல் கோலகங்சாரில் நட்ட அந்த ரப்பர் மரத்தைப் போடும். வகுப்பு கை தட்டும், மார்க்கும் விழும். நல்ல மரம்தான், ஆனால் அதில் வேதியியல் எங்கே இருக்கிறது?

ஒரு வருடம் ஒரு குழு மூன்று பீக்கர் வைத்தது. ஒன்றில் ஃபார்மிக் அமிலம், ஒன்றில் அம்மோனியா, மூன்றாவதில் வெறும் பால். பத்து நிமிடத்தில் அமிலம் விட்டது கட்டியது, மற்ற இரண்டும் அப்படியே இருந்தன. 'ஆகவே அமிலம் இல்லாமல் பால் உறையாது' என்று முடித்தார்கள். எல்லாரும் 5-க்கு 5. ஒரு தாளில் மட்டும் பென்சிலால் 3 என்று போட்டு, கீழே இப்படி இருந்தது (மங்கு என்றால் மரத்தில் பால் வடியும் கிண்ணம்): 'எங்கம்மா மங்குல ஆசிட் ஊத்தறது இல்ல. மறுநாள் போனா கட்டியாத்தான் கெடக்கு. ஏன்?'

மூன்றாவது பீக்கரைக் காகிதத்தால் மூடி ஜன்னலோரம் வைத்தேன். மறுநாள் காலையில் கட்டியிருந்தது. நாற்றம் தாழ்வாரம் வரைக்கும்.

ரப்பர் துகளைச் சுற்றிப் புரதப் படலம் இருக்கிறது, அதில் எதிர்மின் சுமை. அதனால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. அமிலத்தின் ஹைட்ரஜன் அயனி அந்தச் சுமையைப் போக்கிவிட்டால் துகள்கள் மோதும், படலம் கிழியும், உள்ளே இருக்கும் நீளச் சங்கிலிகள் பின்னிக்கொள்ளும். வெறும் பாலில் பாக்டீரியாவே மெதுவாக அமிலம் உண்டாக்கிவிடுகிறது. அம்மோனியா காரம் என்பதால் அந்த அமிலத்தைத் தலைதூக்க விடாது. 3 போட்ட பிள்ளை அன்று ஒரு குழுவின் முடிவையே திருத்தியது. இதற்காகத்தான் சக மாணவர் மதிப்பீடு.

பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற ஒருவர்: மங்கில் யார் ஐயா ஆசிட் ஊற்றுவது? ஆலையில் தொட்டியில்தானே ஊற்றுவார்கள்?

உடனே இன்னொருவர்: எங்கள் சொந்த நிலத்தில் மங்கிலேயேதான் ஊற்றுகிறோம். அண்ணனுக்குத் தெரியாதது உலகத்தில் இல்லை என்று அர்த்தமா?

சரி, சரி. இரண்டு பேரும் சரிதான். தோட்டத்துக்குப் பால் பாலாகவே வேண்டும், அதனால் மங்கில் கட்டிவிடக் கூடாது. சிறு நிலக்காரர் கட்டிப்பாலாக விற்கிறார், அவருக்குக் கட்டத்தான் வேண்டும்.

மூன்றாமவர்: பேட்டரி தண்ணி ஊற்றினால் இன்னும் சீக்கிரம் கட்டும்!

கட்டும், ரப்பரின் தரமும் கெடும். அது கந்தக அமிலம் ஐயா, கை போய்விடும். பிள்ளைகள் படிக்கிற இடத்தில் இதையெல்லாம் சொல்லாதீர்கள். ஃபார்மிக் அமிலத்துக்கே கையுறையும் கண்ணாடியும் வேண்டும். நீர்க்கும்போது அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் அல்ல.

மாணவர்: எங்கள் குழுவில் ஒருவன் ஒன்றுமே செய்யவில்லை. அவனுக்கும் அதே மார்க்கா?

படைப்புக்கு வகுப்பு போடும் மார்க் வேறு, குழுவுக்குள் யார் உழைத்தார் என்பது வேறு. இரண்டையும் ஒரே தாளில் கலக்காதே. பியூரெட்டைக் கழுவியது யார், கணக்குப் போட்டது யார் என்று ஆளுக்கொரு துண்டில் எழுதிக் கொடுங்கள். ஆசிரியர் அவனைப் பார்த்து, 'பியூரெட்டை ஏன் தண்ணீரோடு நிறுத்தாமல் அமிலத்தாலும் அலசினீர்கள்?' என்று கேட்டால் தெரிந்துவிடும்.

எஸ்பிஎம்முக்குப் பிறகு மெட்ரிக்குலேஷனா, எஸ்டிபிஎம்மா?

பள்ளிக் கவுன்சிலிங் ஆசிரியரிடம் கேள் தம்பி.

எல்லாரும் ஒரே மாதிரி மார்க் போடுகிறார்கள், என்ன செய்வது?

முதல் பதிலைப் படியுங்கள்.

எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் 18...

முதல் பதில். காரண வரி. வணக்கம்.

பால்மரம் வெட்டியவர் மறுபடியும்: அம்மோனியா விட்டால் கட்டவே கட்டாது என்கிறீர்களா? எத்தனை நாளைக்கு?

எவ்வளவு விட்டீர்கள் என்பதைப் பொறுத்தது அண்ணே. சனிக்கிழமை மழை இல்லையென்றால் ஒரு போத்தல் பால் கொண்டு வாருங்கள், மூன்று அளவில் விட்டு வைத்துப் பார்ப்போம். என் பேத்தி நோட்டில் எழுதிக்கொள்வாள். மார்க் நீங்கள் போடுங்கள்.