இயாகோவிடம் ஏமாந்த ஒதெல்லோ முட்டாளா?

கேள்வி இதுதான்: ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ'வில் இயாகோ சொல்வதையெல்லாம் எல்லாரும் நம்புகிறார்களே, அவன் அவ்வளவு பெரிய மூளைக்காரனா, இல்லை ஒதெல்லோதான் முட்டாளா? (கதை தெரியாதவர்களுக்கு: வெனிஸ் படைத் தளபதி ஒதெல்லோவிடம், அவன் மனைவி டெஸ்டிமோனா துணைத் தளபதி காசியோவோடு கள்ளத் தொடர்பு வைத்திருக்கிறாள் என்று நம்பவைப்பவன் அவன் கீழ் வேலை செய்யும் இயாகோ. அதை நம்பி ஒதெல்லோ அவளைக் கொன்றுவிடுகிறான்.)

என்னைக் கேட்டால் இரண்டும் இல்லை. நான் மட்டக்களப்பு ஆள், எங்கள் பக்கத்து நாட்டுக்கூத்தான வடமோடியில் சகுனியைப் பார்த்து வளர்ந்தவன், அதனால் வில்லன் என்றால் களரிக்குள் (கூத்து மேடைக்குள்) வரும்போதே வரவுப் பாட்டில் தான் யார் என்று பாடிவிட்டு வருவான் என்ற நினைப்பிலேயே இந்த நாடகத்தையும் படிக்கத் தொடங்கினேன். இயாகோவும் பாடாத குறைதான், தன் திட்டத்தை ஒளிவுமறைவில்லாமல் நமக்குச் சொல்லிவிடுகிறான். ஆனால் மேடையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சொல்கிறான். அங்கே இருப்பவர்களுக்கு அவன் கடைசி வரை 'நேர்மையான இயாகோ'.

அவன் ஆரம்பத்தில் பெரிதாகப் பொய் சொல்வதில்லை என்பதைக் கவனியுங்கள். மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சியில் காசியோவைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பிறகு ஒதெல்லோ சொல்வதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறான். காசியோ நேர்மையானவன்தானே என்று ஒதெல்லோ கேட்டால், "நேர்மையா, பிரபு?" என்கிறான். என்ன நினைக்கிறாய் என்றால், "நினைப்பதா, பிரபு?" அவ்வளவுதான். மிச்சத்தை ஒதெல்லோவே கற்பனை பண்ணிக்கொள்கிறான். பச்சைப் பொய்யெல்லாம் (காசியோ தூக்கத்தில் பிதற்றினான், ஒதெல்லோ டெஸ்டிமோனாவுக்குக் கொடுத்த கைக்குட்டையால் தாடியைத் துடைத்தான்) ஒதெல்லோ ஆதாரம் கொண்டுவா என்று கழுத்தைப் பிடித்த பிறகுதான் வருகிறது.

ஆனால் உண்மையான அடி அந்த எதிரொலி இல்லை. அதே காட்சியில், எங்கள் நாட்டுப் பெண்களின் குணம் எனக்கு நன்றாகத் தெரியும் என்று இயாகோ சொல்கிற இடம்தான். ஒதெல்லோ பெரிய தளபதி, சரி, ஆனால் வெனிஸில் அவன் வந்தேறிய கறுப்பு மனிதன், போர்க்களம் தெரியும், அந்த ஊர் வீடுகளுக்குள் என்ன நடக்கும் என்று தெரியாது. எங்கள் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் செய்வார்கள், மாப்பிள்ளை பெண் வீட்டோடு போய் இருப்பார். அப்படி வேறு ஊரிலிருந்து வந்து இருக்கும் ஒருவரிடம், அந்த ஊரிலேயே பிறந்த ஒருவன் வேலியோரம் நின்று, "மச்சான், நான் ஒண்டும் சொல்லல்ல, ஆனா எங்கட ஊரப் பத்தி எனக்குத் தெரியும்தானே" என்றால் எப்படி இருக்கும்? மாப்பிள்ளை எவ்வளவு படித்திருந்தாலும் அன்றிரவு தூங்கமாட்டார். அதற்குமேல் இயாகோ ஒரு உண்மையையும் சேர்க்கிறான்: அவள் அப்பாவை ஏமாற்றித்தானே உங்களைக் கட்டினாள்! டெஸ்டிமோனாவின் அப்பா முதல் அங்கத்திலேயே விட்ட எச்சரிக்கை அது.

இன்னொன்று, அவனுக்குச் சொந்தமாக ஒரு கொள்கையும் கிடையாது. வேலை போய் மானம் போச்சே என்று அழும் காசியோவிடம், நல்ல பெயர் என்பதெல்லாம் வெறும் மாயை என்று தேற்றுகிறான். அதே வாயால் ஒதெல்லோவிடம், பணத்தைத் திருடினால் குப்பையைத்தான் திருடினான், நல்ல பெயரைத் திருடினால் போச்சு என்கிறான். யாருக்கு எது வலிக்கும் என்பதுதான் கணக்கு. டெஸ்டிமோனாவை அடைய ஆசைப்படும் ரொடரிகோவிடம் அதுகூடத் தேவையில்லை, காசைச் சேர்த்துக்கொண்டு வா என்று திரும்பத் திரும்பச் சொன்னாலே போதும்.

அவன் ஏன் இப்படிச் செய்தான் என்பதற்கு அவனே பதவி உயர்வு கிடைக்கவில்லை, மனைவி மேல் சந்தேகம் என்று காரணம் மாற்றி மாற்றிச் சொல்கிறான். கடைசியில் கேட்டால் இனி ஒரு சொல் பேசமாட்டேன் என்று வாயை மூடிக்கொள்கிறான். அதை ஆழமான மர்மம் என்பார்கள். சொல்ல ஒன்றும் இல்லாததால் மூடினான் என்றுதான் எனக்குப் படுகிறது.

அவனைப் பிடித்துக் கொடுப்பது யார் தெரியுமா? அவன் ஒரு பொருட்டாகவே நினைக்காத மனைவி எமிலியா. இயாகோதான் சொன்னான் என்று ஒதெல்லோ சொல்லும்போது, "என் புருஷனா?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள், ஏன் சொன்னதையே சொல்கிறாய் என்று ஒதெல்லோ எரிந்து விழும் அளவுக்கு. புருஷன் செய்த அதே எதிரொலி வேலைதான், ஆனால் இவள் கேட்கக் கேட்க முடிச்சு அவிழ்கிறது. நாடகத்தை மேடையில் பார்க்கக் கிடைத்தால் அந்த இடத்தில் எமிலியாவாக நடிப்பவரைக் கவனியுங்கள், சில தயாரிப்புகளில் அவசரமாக ஓட்டிவிடுகிறார்கள்.