இல்லத்துத் தட்டில் மிச்சமிருப்பது

முதியோர் இல்லங்களில் வசிப்பவர்களின் உணவு, நோய் எதிர்ப்பு சக்தி குறித்துக் கன்னியாகுமரி மாவட்ட வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கு, முதியோர் நல மருத்துவர் இந்த இதழில் பதிலளிக்கிறார்.

கேள்வி: என் தாயாருக்கு 81 வயது. நான் ஷார்ஜாவில் வேலை பார்ப்பதால், ஆறு மாதங்களுக்கு முன் அவரை நாகர்கோவிலை அடுத்த ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தேன். அப்போது 48 கிலோ இருந்தவர் இப்போது 43 கிலோதான் இருக்கிறார். இதற்குள் இரண்டு முறை நிமோனியா வந்து மருத்துவமனையில் கிடந்தார். கேட்டால், "வயதானால் அப்படித்தான்" என்கிறார்கள். எதிர்ப்பு சக்திக்கு என்ன டானிக் வாங்கி அனுப்பலாம்? (வாசகி, தக்கலை)

பதில்: டானிக் இருக்கட்டும். நீங்கள் எழுதியிருக்கும் அந்த இரண்டு எடைகளைப் பார்ப்போம். 48 கிலோவில் ஐந்து கிலோ என்பது பத்து விழுக்காட்டுக்கும் மேல். ஆறு மாதத்தில் பத்து விழுக்காடோ, ஒரே மாதத்தில் ஐந்து விழுக்காடோ, முயலாமலே எடை குறைந்தால் அதற்குக் காரணம் தேடியே ஆக வேண்டும். வயதின் தலையில் போட்டுவிட்டு இருந்துவிட முடியாது.

முதுமையில் எதிர்ப்பு சக்தி தளர்வது உண்மைதான். நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி, எண்பது வயதில் பெரும்பாலும் கொழுப்பாகவே மாறியிருக்கும் என்பதால், புதிய கிருமிகளை எதிர்கொள்ளும் டி அணுக்கள் (வெள்ளணுக்களில் ஒரு வகை) புதிதாக உருவாவது மிகவும் குறைந்துவிடுகிறது. ஆனால் இருக்கிற அணுக்கள் பெருகுவதற்கும், எதிர்ப்பொருள்கள் உருவாவதற்கும் புரதம் வேண்டும். அது உணவில் வராதபோது உடல் தன் தசையைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. காய்ச்சல் நாட்களில் இந்தக் கரைப்பு இன்னும் வேகமாக நடக்கும். சளியை இருமி வெளியே தள்ளும் மூச்சுத் தசைகளும் இதில் தப்புவதில்லை. உங்கள் தாயாரின் முதல் நிமோனியா தசையைக் கரைத்ததும், இரண்டாவது நிமோனியா அந்தத் தளர்ந்த நெஞ்சில் எளிதாக இறங்கியதும் ஒரே கதையின் இரண்டு பகுதிகளாக இருக்கலாம்.

முதியவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் தேவை. நோயிலிருந்து தேறுகிறவர்களுக்கு 1.5 கிராம் வரை தரலாம். 43 கிலோவுக்கு 1.2 கிராம் வீதம் கணக்கிட்டால் ஏறக்குறைய 52 கிராம் வரும். இனி வழக்கமான ஒரு நாள் சாப்பாட்டை எண்ணிப் பாருங்கள்: காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டி சோறும் சாம்பாரும் ஒரு சிறு மீன் துண்டும், மாலையில் சாயாவும் இரண்டு பிஸ்கட்டும், இரவில் கஞ்சியும் தொகையலும். முழுவதையும் சாப்பிட்டாலே முப்பது கிராமைத் தாண்டுவது கடினம். பாதியை மிச்சம் வைத்தால் கேட்கவே வேண்டாம். மரச்சீனிக் கிழங்கு வயிற்றை நிரப்பும், ஆனால் நூறு கிராம் கிழங்கில் இரண்டு கிராம் புரதம்கூடத் தேறாது. நம் ஊர்ப் பாட்டிமார் அதைச் சாளை (மத்தி) மீன் குழம்போடுதான் வைத்தார்கள். இல்லத்துச் சமையலறையில் கிழங்கு தவறாமல் வந்துவிடுகிறது. சாளை குழம்பில் நீந்திப் போன மணம் மட்டும் வருகிறது.

எனவே அனுப்புகிற பணத்தை இப்படிச் செலவிடச் சொல்லுங்கள். தினமும் ஒரு முட்டை (6 கிராம் புரதம்), ஒரு பெரிய தம்ளர் பால் (8 கிராம்), கஞ்சியில் ஒரு கைப்பிடி சிறுபயறு (7 கிராம்), முள் நீக்கிய சாளையோ அயிலையோ நூறு கிராம் (20 கிராமுக்குச் சற்றுக் குறையலாம்). இவை இட்லிக்கும் சோற்றுக்கும் மேலாகச் சேரும்போது தேவை நிறைந்துவிடும். சாளை மலிவான மீன் என்று ஒதுக்காதீர்கள்; வெயிலில் நின்றாலும் போதிய வைட்டமின் டி உண்டாகாத வயதில், அதைத் தரும் சில உணவுகளில் அதுவும் ஒன்று. கஞ்சியில் தேங்காய்ப்பாலோ ஒரு தேக்கரண்டி நெய்யோ விட்டால், அளவு கூடாமலே சக்தி கூடும். சிறுநீரக நோய் இருந்தால் மட்டும், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்த பிறகு மருத்துவர் சொல்லும் அளவே சரி.

சாப்பாட்டு நேரத்தையும் கேளுங்கள். பணியாளர்கள் வீடு திரும்ப வேண்டுமே என்று பல இல்லங்களில் மாலை ஆறரைக்கே இரவு உணவு முடிந்துவிடுகிறது. காலைப் பலகாரம் எட்டரைக்கு. இடையில் பதினான்கு மணி நேரம் வெறும் வயிறு. ஒன்பது மணிக்கு அவித்த ஏத்தன் பழம் பாதியும் பாலும் கொடுத்தால் இந்தப் பட்டினி பதினொன்றரை மணி நேரமாகக் குறையும்.

இவற்றோடு காரணத்தையும் தேட வேண்டும். பசியைக் கெடுக்கும் மாத்திரைகள் உண்டு. சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மினும், இதயத்துக்குத் தரும் டிகாக்சினும் அவற்றில் சேரும். தைராய்டு, மனச்சோர்வு, புற்றுநோய் ஆகியவற்றோடு காசநோயையும் மறக்கக் கூடாது. இரண்டு முறை நெஞ்சில் சளி கட்டியவருக்கு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் செய்யாமல் விடுவது தவறு. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒருமுறை அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.

கேள்வி: நாற்பது பேர் தங்கியிருக்கும் ஒரு சிறிய இல்லத்தை நடத்தி வருகிறோம். ஒவ்வொருவருக்கும் ரத்தத்தில் அல்புமின் என்ற புரதத்தின் அளவைப் பார்க்க வசதியில்லை. ஊட்டம் குறைந்தவரை வேறு எப்படிக் கண்டுபிடிப்பது? (காப்பாளர், குளச்சல்)

பதில்: அல்புமின் பார்க்காததால் பெரிய நட்டமில்லை. உடலில் எங்கே அழற்சி இருந்தாலும் அது இறங்கிவிடும் என்பதால், நோயின் தீவிரத்தைக் காட்டுமே தவிர, சாப்பாட்டின் குறையைத் தனியாகக் காட்டாது. ஓர் எடை மெஷினும் ஓர் இஞ்சி டேப்பும் ஒரு நோட்டும் போதும்.

மாதத்தின் ஒரே தேதியில், காலைப் பலகாரத்துக்கு முன் எடை பாருங்கள். உலகெங்கும் பயன்படும் ஆறு கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலும் உண்டு. மூன்று மாதங்களாகச் சாப்பாடு குறைந்திருக்கிறதா, எடை இறங்கியதா, படுக்கையை விட்டு எழுந்து நடக்கிறாரா, கடும் நோயோ பெரிய மனத்துயரோ வந்ததா, மறதி நோய் அல்லது மனச்சோர்வு உண்டா, உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்பவையே அவை. மொத்தம் 14 மதிப்பெண்கள். 12 அல்லது அதற்கு மேல் இருந்தால் கவலையில்லை, 8 முதல் 11 வரை கவனம் தேவை, 7 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஊட்டக்குறைவு உறுதி. நிற்க முடியாதவருக்குக் கெண்டைக்காலின் பருத்த இடத்தில் டேப்பைச் சுற்றுங்கள். 31 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் தசை கரைந்துகொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். கால் வீங்கியிருந்தால் இந்த அளவு ஏமாற்றும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால், கழுவப் போகும் தட்டுகளைப் பாருங்கள். ஓர் இல்லத்துக்கு நான் வாரம் ஒருமுறை போய்வந்தபோது, ஒரு பாட்டியின் தட்டில் மீன் துண்டு எப்போதும் மட்டிப்பழத் தோலுக்கு அடியில் கிடக்கும். நோட்டில் 'மீன் பிடிக்காது' என்று எழுதியிருந்தார்கள். முட்டம் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவருக்கா மீன் பிடிக்காது என்று வாயைத் திறக்கச் சொன்னேன். கீழ்வரிசைப் பல்செட் இல்லை. மருத்துவமனையில் இருந்தபோது காணாமல் போனதைச் சொன்னால் மகனுக்குச் செலவு வருமென்று அவர் சொல்லவில்லை. புதிய பல்செட் வரும்வரை மீனை உதிர்த்துக் கொடுத்தார்கள், சாப்பிட்டார்.

கேள்வி: துத்தநாக மாத்திரை சாப்பிட்டால் முதியவர்களுக்கு நிமோனியா வராது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா? (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: இந்தச் செய்தியின் வேர் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் இருக்கலாம். அங்கே 33 முதியோர் இல்லங்களில் வசித்தவர்களுக்கு ஓர் ஆண்டு வைட்டமின் ஈ கொடுத்து ஆராய்ந்தார்கள். 2004இல் வெளியான முடிவின்படி, சாதாரண ஜலதோஷம் சற்றுக் குறைந்ததே தவிர, நுரையீரல் தொற்று குறையவில்லை. அதே முதியவர்களின் ரத்தத்தில் துத்தநாகத்தை அளந்து பார்த்தபோது, அது போதிய அளவில் இருந்தவர்களிடம் நிமோனியாவும் இறப்பும் குறைவாக இருந்தன. இது 2007இல் வெளிவந்தது. கவனியுங்கள், அவர்கள் துத்தநாகத்தை அளந்து ஒப்பிட்டார்கள். நிமோனியாவைத் தடுக்கிறதா என்று அதைத் தனியாகக் கொடுத்துச் சோதிக்கவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறவரின் ரத்தத்தில் துத்தநாகமும் கூடுதலாக இருக்கும் என்பதால், எது எதற்குக் காரணம் என்று இதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது.

மீன், முட்டை, இறைச்சி, பயறு வகைகளில் துத்தநாகம் உண்டு. பயறை ஊறவைத்து முளைகட்டினால் உடல் அதை எளிதாக ஏற்கும். குறைபாடு இருந்தால் மருத்துவர் சில வாரங்களுக்கு மாத்திரை தருவார். தானே வாங்கி மாதக்கணக்கில் அதிக அளவில் விழுங்கினால் உடலில் செம்பு குறைந்து, ரத்தசோகையும் வெள்ளணுக் குறைவும் வரும். எதிர்ப்பு சக்தி வேண்டித் தின்றது அதையே கெடுக்கும்.

கேள்வி: என் பெரியப்பாவுக்கு 78 வயது, பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் குறியீடு) 26. எடையைக் குறைக்க இரவுச் சாப்பாட்டை நிறுத்தச் சொல்லலாமா? (வாசகர், குலசேகரம்)

பதில்: வேண்டாம். 65 வயதைக் கடந்தவர்களிடம் பி.எம்.ஐ. 23க்குக் கீழே இறங்கும்போதுதான் இறப்பு அபாயம் ஏறுவதாகப் பெரிய ஆய்வுகள் காட்டுகின்றன. அவை பெரும்பாலும் மேலைநாட்டவரைப் பற்றியவை என்றாலும், 26 உள்ள 78 வயதுக்காரரைப் பட்டினி போட அவற்றில் ஆதாரமில்லை. நடக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இல்லத்தில் இருக்கும் என் தந்தைக்கு மறதி நோய் முற்றிவிட்டது. சோற்றை வாயில் வைத்துக்கொண்டே இருக்கிறார், விழுங்க மறக்கிறார். மூக்கு வழியே குழாய் போட்டால் இன்னும் சில காலம் இருப்பாரா? (வாசகி, கருங்கல்)

பதில்: உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் மறதி நோய் முற்றிய நிலையில், உணவுக் குழாய் ஆயுளை நீட்டுவதாகவோ, நுரையீரலுக்குள் உணவு இறங்குவதைத் தடுப்பதாகவோ நம்பத்தக்க சான்று இல்லை. குழாயைப் பிடுங்காமலிருக்கக் கையைக் கட்டிவைக்கும் துன்பமும் சேர்ந்துகொள்ளும். கையால் பொறுமையாக ஊட்டுவதையே முதியோர் மருத்துவம் பரிந்துரைக்கிறது.

நன்றாக நிமிர்த்தி உட்காரவையுங்கள். தாடை சற்றே கீழ்நோக்கி இருக்கட்டும். சிறு தேக்கரண்டி அளவில், குழைந்த, கெட்டியான உணவாகக் கொடுத்து, ஒரு வாய் இறங்கியதைத் தொண்டையில் பார்த்த பிறகே அடுத்த வாய் கொடுக்க வேண்டும். தண்ணீரைப் போல ஓடும் கஞ்சியில் புரையேறும். கூழ்ப் பதத்தில் நிற்கும். முடித்த பின் அரை மணி நேரம் படுக்கவைக்காதீர்கள். ஒவ்வொரு உணவுக்குப் பிறகும் வாயையும் நாக்கையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இதைச் செய்து பார்த்தபோது நிமோனியா குறைந்ததை 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. இப்படிக் கையால் ஊட்டுவதற்கு மருந்துச் செலவில்லை, ஆள் வேண்டும்; ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம் ஆகலாம். இல்லத்தில் அத்தனை கைகள் இல்லையென்றால், குழாய்க்கு ஆகும் செலவில் மதிய நேரத்துக்கு மட்டும் ஓர் உதவியாளரை அமர்த்த முடியுமா என்று பேசிப் பாருங்கள்.

பக்கவாதம் வந்து விழுங்க முடியாமல் போனவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு விழுங்கும் திறன் சில வாரங்களில் திரும்பக்கூடும் என்பதால், அதுவரை குழாய் போடுவதில் பொருளுண்டு. தந்தைக்கு அண்மையில் அப்படி ஏதும் நேர்ந்ததா என்பதை மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.