தேடுவது நாங்கள், கையெழுத்து வேறொருவருடையதா?

கேள்வி: சென்னை சைதாப்பேட்டையில் வக்கீல்களுக்காக ஈசி (வில்லங்கச் சான்று) போட்டு, மூலப்பத்திரம், பட்டா எல்லாம் ஒப்பிட்டுக் கொடுக்கிறேன். ஃபைலுக்கு இவ்வளவு என்று கிடைப்பதோடு சரி. இப்போது சிலர் பாதிக் கூலிக்கு மேலோட்டமாகப் பார்த்துக் கொடுக்கிறார்கள். பத்திர எழுத்தர்களுக்கு லைசென்ஸ் இருப்பதுபோல எங்களுக்கும் கேட்கலாமா? சங்கம் வைக்கலாமா?

பதில்: சங்கம் வையுங்கள். லைசென்ஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆவது பிரிவுப்படி, கட்டணம் கட்டினால் சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் முதலாம் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வீடு வாங்குகிறவரே ஆன்லைனில் ஈசி எடுத்துவிடுகிறார். இதற்கு அரசு எதற்காக லைசென்ஸ் தரும்? பத்திர எழுத்தர்களுக்கு உரிமம் இருந்தும், வக்கீலும் பத்திரம் எழுதுகிறார், வாங்குகிறவரே எழுதிக்கொள்ளவும் செய்கிறார். சொத்தின் உரிமை சரியா என்று வக்கீல் எழுதித் தரும் லீகல் ஒப்பீனியனில் கையெழுத்துப் போடும் உரிமையும் கிடைக்காது. நீதிமன்றத்துக்கு வெளியே சட்டக் கருத்துச் சொல்வதும் வழக்கறிஞர் தொழில்தான் என்று, சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய ஏ.கே. பாலாஜி வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உங்கள் கைத்திறன், யாரும் எடுக்கும் ஈசிக்கும் வக்கீலின் ஒப்பீனியனுக்கும் நடுவில் இருக்கிறது. பழைய சர்வே எண்ணை மட்டும் போட்டால் வில்லங்கம் 'நில்' (எதுவும் இல்லை) என்று வந்துவிடும். ஆனால் அந்த நிலம் உட்பிரிவாகி, நகர சர்வே எண்ணாக மாறி, ஊரே வேறு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போயிருக்கும். அடமானம் அங்கே உட்கார்ந்திருக்கும். பாதிக் கூலிக்காரர் அங்கே போவதில்லை. அவர் கொடுத்த தாளில் அதுவும் தெரியாது.

அதனால் சங்கத்தின் முதல் வேலை, பொதுவான ஓர் அறிக்கைப் படிவம். எந்தெந்த எண்கள், எந்தெந்த அலுவலகம், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எதைப் பார்க்க முடியவில்லை, எல்லாம் அதில் வரட்டும். பதிவாகாத உயில் ஈசியில் வராது என்பதையும் எழுதுங்கள். கீழே தேடியவர் பெயரும் கையெழுத்தும் கட்டாயம்.

'இதற்குக் கீழே யாரும் வாங்கக் கூடாது' என்று மட்டும் தீர்மானம் போட்டுவிடாதீர்கள். தனித்தனியாகத் தொழில் செய்கிறவர்கள் கூடி விலை வைப்பது 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தில் மாட்டும். வேலையை எழுத்தில் வாங்குவது, கூடுதல் அலுவலகத்துக்குத் தனிக் கட்டணம் கேட்பது, இதெல்லாம் அவரவர் செய்துகொள்ளலாம்.

ஏழு பேர் சேர்ந்தால் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதியலாம். மாவட்டப் பதிவாளரிடம்தான், உங்களுக்குப் பழக்கமான துறை. பைலா (சங்க விதிகள்) எழுத வெளியாள் எதற்கு, நாளெல்லாம் பத்திரம் படிக்கிறவர்கள்தானே! படிவம் தயாரானதும் உங்களுக்கு வேலை தரும் வக்கீல்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அறிக்கையில் உங்கள் பெயர் வருவதை யார் விரும்பவில்லை என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.