சரக்கெடுக்கப் போன இடத்தில் இன்டர்வியூ

கேள்வி: திருமங்கலம் பக்கம் எங்கள் கிராமம். 2023-ல் பி.காம். முடித்தேன். அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலைக்கு இதுவரை ஐந்து இன்டர்வியூ போய்விட்டேன், ஒன்றும் அமையவில்லை. 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றால், யூடியூப் பார்த்து இங்கிலீஷில் மனப்பாடம் செய்ததைச் சொல்கிறேன், பாதியில் மறந்துவிடுகிறது. இரண்டரை வருஷம் என்ன செய்தீர்கள் என்றால், குரூப் 4-க்குப் படித்தேன் என்கிறேன். கடைசி இன்டர்வியூவில் ஜி.எஸ்.டி. பற்றிக் கேட்டதும் தடுமாறினேன். அந்த நேரம் பார்த்து போன் வேறு அடித்தது. எப்போது சேர முடியும் என்றார்கள், யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதோடு சரி. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து எங்கள் மளிகைக் கடையை நான்தான் பார்க்கிறேன். கீழமாசி வீதிக்குச் சரக்கெடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் இன்டர்வியூவுக்குப் போகிறேன் என்பதால் தயார் செய்ய நேரம் கிடைப்பதில்லை. எட்டாயிரம் கட்டி ஸ்போக்கன் இங்கிலீஷ் சேரலாமா? என்ன கலர் சட்டை போடலாம், கண்ணைப் பார்த்துப் பேசுவது எப்படி என்று சொல்லுங்கள் அம்மா. என் அம்மா உங்கள் பகுதியை விடாமல் படிப்பார்கள். பெயர் போட வேண்டாம்.

பதில்: சட்டை எந்தக் கலராக இருந்தாலும் சரி, தம்பி. துவைத்து இஸ்திரி போட்டிருந்தால் போதும்.

சரக்கெடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போகிறேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். நேரம் கிடைக்காததற்கு ஒரு காரணம், அவ்வளவுதான் உனக்கு. என்னால் அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. வீட்டில் இன்டர்வியூவை மறைக்கிறாய். இன்டர்வியூவில் கடையை மறைக்கிறாய். இப்படி இரண்டு பக்கமும் பொய் சொல்லிவிட்டு வந்து, கண்ணைப் பார்த்துப் பேசுவது எப்படி என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்ல?

அந்த போனையே எடுத்துக்கொள்வோம். யார் கூப்பிட்டது என்று நீ எழுதவில்லை. மண்டிக்காரராக இருக்கும், இல்லையென்றால் துவரம்பருப்பு என்ன விலை போகிறது என்று கேட்க அப்பா கூப்பிட்டிருப்பார். இன்டர்வியூவில் போனை அணைத்து வைக்க வேண்டும் என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். உனக்கும் தெரியும். ஆனால் உன்னால் அணைக்க முடியாது. சரக்கெடுக்கப் போன பிள்ளையின் போன் ஒரு மணி நேரம் அணைந்து கிடந்தால், பக்கவாதம் வந்த மனிதர் கடையில் உட்கார்ந்து பதறுவார். 'இன்டர்வியூவுக்குப் போகிறேன்ப்பா, பன்னிரண்டு மணி வரை கூப்பிடாதீர்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த போன் அடித்தே இருக்காது.

எப்போது சேர முடியும் என்ற கேள்வியும் அப்படித்தான். நாளைக்கே வரலாம், பதினைந்து நாள் வேண்டும், அடுத்த மாதம் முதல் தேதி... இவற்றில் எது சொன்னாலும் கேட்கிறவர் ஏற்றுக்கொள்வார். 'யோசித்துச் சொல்கிறேன்' என்பதை மட்டும் ஏற்க மாட்டார். அவர் நிலைமையைப் பார். கணக்குப் பார்த்த ஆள் போய்விட்டான், மாதம் பிறந்து பதினொன்றாம் தேதிக்குள் விற்பனை விவரம் காட்டுகிற ஜி.எஸ்.டி.ஆர். 1, இருபதுக்குள் வரி கட்டுகிற 3பி படிவம் போட்டாக வேண்டும். அவருக்கு வேண்டியது ஒரு தேதி. அந்தத் தேதி உன் கையில் இல்லை, உன் அப்பா கையில் இருக்கிறது. அவருக்கோ நீ வேலை தேடுவதே தெரியாது. யோசித்துச் சொல்கிறேன் என்றாயே, யாரோடு உட்கார்ந்து யோசிப்பாய்?

அடுத்தது குரூப் 4. இந்தப் பொய்யைச் சொல்லாதவர்கள் குறைவு. எனக்கு வரும் கடிதங்களில் பாதிப் பேர் சொல்கிறார்கள். இதைவிட எளிதாக மாட்டிக்கொள்கிற பொய்யும் இல்லை. 2024 ஜூனில் ஒரு தேர்வு, 2025 ஜூலையில் ஒரு தேர்வு நடந்தது. இருநூறு கேள்வி, முந்நூறு மார்க். உண்மையாகப் படித்தவன் மார்க்கும் ரேங்க்கும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். எதிரே உட்கார்ந்திருப்பவரே ஒரு காலத்தில் எழுதியவராக இருக்கலாம், அவர் வீட்டுப் பிள்ளை இப்போது எழுதிக்கொண்டிருக்கலாம். 'எத்தனை மார்க் வந்தது?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் நீ முடிந்தாய். அதற்கப்புறம் நீ சொல்கிற உண்மையையும் அவர் நம்ப மாட்டார். கணக்கு வேலைக்கு ஆள் எடுக்கிறவர் பணத்தையும் சாவியையும் யாரிடம் கொடுக்கலாம் என்றுதான் பார்க்கிறார்.

ஜி.எஸ்.டி.யில் தடுமாறினேன் என்று எழுதியிருக்கிறாய் பார், அதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. 2025 செப்டம்பர் 22 அன்று நீ எங்கே இருந்தாய்? உங்கள் கடைக் கல்லாவில். சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கிற எண்ணெய், பிஸ்கட் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து ஒரே நாளில் 5-க்கு இறங்கின. அலமாரி நிறையப் பழைய விலை அச்சடித்த சரக்கு. விலை ஏன் குறையவில்லை என்று பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க நாலு பேர் வந்திருப்பார்கள். ஏஜென்சிக்காரரிடம் மல்லுக்கு நின்றிருப்பாய், பில் போடுகிற இடத்தில் விகிதத்தை மாற்றியிருப்பாய். 18 கட்டி வாங்கின சோப்பை 5-க்கு விற்றபோது இன்புட் கிரெடிட், அதாவது வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது, என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லை, உங்கள் கடை சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறது என்றால் கதை வேறு. வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது, இன்புட் கிரெடிட்டும் கிடையாது, விற்பனையில் ஒரு சதவீதம் கட்டுகிறீர்கள். இரண்டில் உங்கள் கடை எது? சட்டென்று சொல்ல வரவில்லை என்றால் நாளைக்கே ஆடிட்டரிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொள். இதையெல்லாம் புத்தகத்தில் மட்டும் படித்தவர்களோடுதான் நீ போட்டி போடுகிறாய். பார்த்ததைச் சொல்லாமல் நீயும் போய்ப் புத்தகத்தை ஒப்பித்தாய்.

குடும்பக் கடையில் உட்கார்ந்ததெல்லாம் அனுபவம் ஆகாது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்காதே. பயோடேட்டாவில் மாதம், வருஷம் போட்டு எழுது: குடும்ப மளிகைக் கடை; கொள்முதல், இருப்பு, கடன் வசூல், கணக்கு. சம்பளச் சீட்டு உண்டா என்று கேட்டால், சொந்தக் கடை, சம்பளம் கிடையாது என்று சொல். எவனோ நண்பன் கம்பெனி லெட்டர்ஹெட்டில் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் வாங்கித் தருகிறேன் என்று வருவான், வாங்காதே. விசாரிக்க வேண்டும் என்றால் உங்கள் ஆடிட்டர் பெயரைக் கொடு, அவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு.

அந்த யூடியூப் இங்கிலீஷைத் தூக்கிப் போடு. அதற்குப் பதிலாகக் கடை நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார். மாதம் சராசரியாக எவ்வளவுக்குக் கொள்முதல்? கடன் நோட்டில் எத்தனை பேர், எவ்வளவு பாக்கி நிற்கிறது? நீ வந்த பிறகு அது கூடியதா, குறைந்ததா? தேதி தாண்டி ஏஜென்சிக்குத் திரும்பிப் போகிற சரக்கு எவ்வளவு? எந்தக் கணக்கு உதைத்தது, எப்படிக் கண்டுபிடித்தாய்? கடன் பாக்கி கூடியிருந்தால் கூடியது என்றே சொல். ஏன் கூடியது என்று சொல்லத் தெரிந்தால் போதும். கல்லூரியில் படித்த டேலி கணக்கு சாஃப்ட்வேர் மறந்திருக்கும். உன் கடையின் ஒரு மாதக் கொள்முதல் பில்களை நீயே அதில் ஏற்றிப் பார், எங்கே முட்டுகிறாய் என்று தெரியும். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றதும் பேச இவ்வளவு இருக்கிறது. தமிழில் சொல்லலாமா என்று கேள். மதுரையில் கணக்கு வேலைக்குப் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள். மெயிலும் இன்வாய்ஸும் இங்கிலீஷில் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிய வேண்டும், அது வேறு. அந்த எட்டாயிரம் இப்போது வேண்டாம்.

மற்றவை சில்லறை விஷயங்கள். போகிற கம்பெனி என்ன தயாரிக்கிறது, யாருக்கு விற்கிறது என்று பார்த்துவிட்டுப் போ. கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை உனக்குப் பக்கம்தான், முந்தின நாளே கேட் எங்கே என்று பார்த்து வைத்துக்கொள். ஒரிஜினல் சான்றிதழ்கள், நகல் இரண்டு செட். சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்றால் 'நீங்கள் கொடுப்பதைக் கொடுங்கள்' என்று சொல்லாதே, பி.எஃப். 12 சதவீதம் பிடித்தம் போக, இ.எஸ்.ஐ. இருந்தால் அதுவும் போக, கையில் எவ்வளவு வரும் என்று கேள். வேலைக்கு டெபாசிட் கட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடு. அப்புறம், பைக்கில் பருப்பு மூட்டையைக் கட்டிக்கொண்டு போய் அவர்கள் வாசலில் நிற்காதே.

இனிமேல் உண்மையைச் சொல்லப் போகிறாய் என்றே வைத்துக்கொள்வோம். உடனே இன்னொரு கேள்வி வரும், அதற்கும் தயாராக இரு. 'சொந்தக் கடையை விட்டுவிட்டு ஏன் வருகிறீர்கள்? அப்பாவுக்கு மறுபடி முடியாமல் போனால் போய்விடுவீர்களா?' நியாயமான கேள்வி. இதற்கு யாரும் உனக்குப் பதில் எழுதித் தர முடியாது. காலையில் அம்மா கடை திறப்பார்கள், ஒரு பையனைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை நான் கணக்குப் பார்ப்பேன் என்று வீட்டில் பேசி முடிவாகியிருந்தால் அதுவே பதில். முடிவாகவில்லை என்றால் நீ என்ன அளந்தாலும் முகம் காட்டிக் கொடுத்துவிடும்.

வேலைக்குப் போவதை நான் தப்பென்று சொல்லவில்லை. அப்பாவின் தொழிலை மகன் பார்த்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறவள் இல்லை நான். ஆனால் அப்பா தன் காரியங்களைத் திட்டமிடுவதற்கு மகன் வழிவிட வேண்டும், அது மகனுடைய கடமை என்று நினைக்கிறேன். நீ இருக்கிறாய் என்று நம்பித்தான் அவர் தீபாவளிச் சரக்குக்கு முதல் போடுவார், கடைக்கு அட்வான்ஸ் கூட்டிக் கொடுப்பார், உனக்குப் பெண் பார்க்கிற இடத்தில் பையன் கடையைப் பார்க்கிறான் என்று சொல்லி வைப்பார். போர்டில் 'அண்ட் சன்' என்று சேர்த்து எழுதிய ஒரு அப்பாவை எனக்குத் தெரியும். பெயிண்ட் காய்வதற்குள் மகன் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அவர் நொந்தது மகன் போனதற்காக இல்லை. ஆறு மாதமாக வீட்டில் இருந்துகொண்டே சொல்லாமல் இருந்தான் பாருங்கள் என்றுதான் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். சரக்கைக் குறைப்பதா, ஆள் வைப்பதா, கடையை மூடுவதா என்று உன் அப்பா முடிவெடுக்க வேண்டும். கை கால் விழுந்தது அவருக்கு. யோசிக்கிற புத்தி அப்படியேதான் இருக்கிறது. உடம்பு முடியாதவரிடம் சொல்ல வேண்டாம் என்று நீயாக முடிவு செய்துகொள்வதைப் பாசம் என்று நினைக்காதே.

உன் அம்மா இந்தப் பகுதியை விடாமல் படிப்பார்கள் என்று எழுதியிருக்கிறாய். திருமங்கலம், மளிகைக் கடை, பக்கவாதம், பி.காம். பெயரை நான் எடுத்துவிட்டால் மட்டும் அவர்களுக்குத் தெரியாமல் போய்விடுமா? தெரியட்டும் என்றுதான் எழுதினாய் என்று நான் சந்தேகப்படுகிறேன். வாயால் சொல்ல வராததை என்னை வைத்துச் சொல்லப் பார்க்கிறாய். அது நடக்காது. பத்திரிகை முதலில் உன் கைக்கு வந்திருந்தால், அம்மா பிரிப்பதற்குள் நீயே போய்ச் சொல்.

ராத்திரி கடை சாத்தி, கல்லாவை எண்ணி முடித்த பிறகு அப்பா பக்கத்தில் உட்கார். ஐந்து இடத்துக்குப் போனதைச் சொல். திட்டுவார், வாங்கிக்கொள். அப்புறம் எந்தத் தேதியிலிருந்து நீ இல்லாமல் கடை ஓடும் என்று அவரையே கேள். அந்தத் தேதியைத்தான் ஆறாவது இடத்தில் சொல்லப் போகிறாய். அவர் ஒரேயடியாக முடியாது என்று நின்றால் எனக்கு மறுபடி எழுது. அப்போது நான் திட்டப் போவது உன்னை இல்லை.